டாக்டர் ஃபேர்லி சொல்லாத முற்றுப்புள்ளி

பிரெண்டா ஹோல்ராய்ட் ஹெட்போனை இடது காதில் மட்டும் மாட்டிக்கொள்வார். வலது காது தொலைபேசிக்கு. கால் பெடலை அழுத்தினால் டாக்டர் பதிவுசெய்து அனுப்பிய குரல் ஓடும். நடுவில் அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டதும் பிரெண்டாவின் வலது மோதிர விரல் முற்றுப்புள்ளி விசையின் மேல் போய் நிற்கும். உடனே அழுத்தாது. வாக்கியம் முடிந்த மூச்சா, மாடிப்படி ஏறி வந்த மூச்சா என்று அரை நொடி பார்க்கும். பிறகு அடிக்கும், மற்ற எழுத்துகளைவிட ஓங்கி. எதிர் மேசையில் கோப்பு குமாஸ்தாவாக இருந்த நான் திரையைப் பார்க்காமலே ஒரு கடிதத்தில் எத்தனை வாக்கியம் என்று எண்ணிவிடுவேன்.

நெஞ்சு நோய்ப் பிரிவில் டாக்டர் ஃபேர்லியின் கடிதங்களை இருபத்து மூன்று ஆண்டுகளாக அவர்தான் தட்டச்சு செய்துவந்தார். மற்ற டாக்டர்கள் பேசும்போதே "ஃபுல் ஸ்டாப்", "புதுப் பத்தி" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஃபேர்லி சொல்லமாட்டார். ஆற்றுத் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருப்பார். பிரெண்டாவுக்கு அதில் புகார் இல்லை. அவருடைய புகாரெல்லாம் இளம் டாக்டர்கள் மேல்தான்.

"பாரு கண்ணு, கேள்விக்குறிய முன்னாடி போட்டுட்டு அப்புறம் ஆஸ்துமான்னு எழுதுறான். பந்தி போடுறதுக்கு முன்னாடியே எச்சிக் கை கழுவுற மாதிரி. ஆறு வருஷம் படிச்ச பையன்."

மதிய இடைவேளையில் நான் படிக்கும் கவிதைப் புத்தகத்தையும் ஒருநாள் எட்டிப் பார்த்தார். பக்கம் முழுக்க ஒரு புள்ளி இல்லை.

"இந்தாளுக்கு யாரும் டைப்பிஸ்ட் கிடைக்கலியா?" என்றார்.

அந்த மார்ச்சில்தான் மேலாளர் டேரன் புது மென்பொருளைக் கொண்டுவந்தார். டாக்டர் பேசினால் கணினியே கடிதம் அடித்துவிடும். ஆறு வாரம் சோதனை, அதுவரை யாரும் கடிதத்தைத் தொடக்கூடாது, சரியாக வந்தால் தட்டச்சு வேலைகள் கிடையாது. பிரெண்டாவுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று ஆண்டு இருந்தது.

மற்ற டாக்டர்களுக்கு முதல் வாரமே சரியாக வந்துவிட்டது. புள்ளியை வாயால் சொன்னால் அது வைக்கும், சொல்லாவிட்டால் வைக்காது, அவ்வளவுதான். ஃபேர்லியின் கடிதங்கள் மட்டும் இரண்டு பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக வந்து விழுந்தன. அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி டேரன் பிரெண்டாவையே அனுப்பினார்.

"என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கணுமாம்," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். ஆனால் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷி. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

"'இவரை நேத்து பார்த்தேன்.' முடிஞ்சிருச்சு. இப்ப என்ன சொல்லணும் டாக்டர்?"

"இருமல் குறைஞ்சிருக்கு."

"அதுக்கு முன்னாடி."

"முன்னாடி ஒண்ணும் இல்லியே பிரெண்டா. நேத்துதான் முதல் தடவ பார்த்தேன்."

"ஃபுல் ஸ்டாப், டாக்டர். ஃபுல் ஸ்டாப்."

"ஓ. ஆமா. மன்னிச்சிருங்க."

தினமும் இதே கதை. ஒரு அட்டையில் பெரிய கறுப்புப் புள்ளி வரைந்து திரைமேல் ஒட்டினார் பிரெண்டா. டாக்டர் அதன் முன்னால் தேநீர்க் கோப்பையை வைத்து மறைத்துவிட்டார். பிரெண்டா மேசையில் பென்சிலால் தட்டினார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, "உள்ள வாங்க" என்றார் டாக்டர். கணினி அதையும் அடித்தது.

நான்காம் வாரம் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் தமக்கு வந்த கடிதத்தோடு எங்கள் ஜன்னலுக்கு வந்தார்.

"இத எங்க நிறுத்திப் படிக்கிறதும்மா? எனக்கு ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு. அப்புறம் நடுவுல 'மன்னிச்சிருங்க பிரெண்டா'ன்னு இருக்கே, யாரு அது?"

 பிரெண்டா கடிதத்தை வாங்கி, நின்றபடியே பேனாவால் புள்ளிகளை வைத்தார். பதினேழு. தன் பெயரைக் கோடிட்டு அடித்தார். திருப்பிக் கொடுத்தார். டேரன் பின்னால் நின்றிருந்ததை நான் பார்த்தேன்.

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே பிரெண்டா."

"கம்ப்யூட்டர நான் தொடல. பேப்பரத்தான் தொட்டேன்."

அதோடு வேலை போனது என்றுதான் இருவருமே நினைத்தோம். அந்த வாரம் முழுக்க அவர் மதிய உணவுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சாண்ட்விச் பெட்டி அப்படியே வீட்டுக்குப் போயிற்று. ஆனாலும் காலையில் ஒன்பது மணிக்கு டாக்டர் அறைக்குப் போவதை நிறுத்தவில்லை.

ஆறாம் வாரக் கடைசியில் டேரன் ஒரு தாளோடு வந்தார். டாக்டர் ஃபேர்லியின் கடிதங்கள் மட்டும் பழைய முறையிலேயே நடக்கும், அதற்கு ஒரு தட்டச்சர் இருப்பார். பிரெண்டாவின் வேலை தப்பியது. எனக்குச் சந்தோஷம். வாழ்த்துச் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அவர் முகம் கடுத்திருந்தது.

"ஆறு வாரம், கண்ணு. ஒரு கிளிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தா இந்நேரம் அதுவே லெட்டர் போட்டிருக்கும்."

ஹெட்போனை இடது காதில் மாட்டி, பெடலை மிதித்தார்.

மூன்று ஆண்டு கழித்து அவர் ஓய்வுபெற்ற நாள். கேக் வெட்டி முடிந்து அவர் கோட்டை எடுக்கப் போயிருந்தபோது, ஏன் 'ஃபுல் ஸ்டாப்' என்ற அந்த இரண்டு வார்த்தை கடைசிவரை உங்கள் வாயில் வரவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இங்க சேர்ந்த புதுசுல சொல்லிக்கிட்டுதான் இருந்தேன் தம்பி. முதல் வாரமே பிரெண்டா கேசட்டத் திருப்பி அனுப்பிட்டாங்க. மேல ஒரு சீட்டு: 'எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியும். என் வேலைய நீங்க பார்க்க வேண்டாம்.' அந்தப் பழக்கத்த விட எனக்கு மூணு மாசம் ஆச்சு. தினம் வீட்டுக்குப் போறப்ப கார்ல தனியா, புள்ளி சொல்லாம பேசிப் பேசிப் பழகினேன்."