சிவப்பு நெயில் பாலிஷ் எழுத்துகள்

பழைய கம்ப்யூட்டர்களைச் சீர்செய்து சேர்த்து வைப்பது என் பொழுதுபோக்கு. எதையும் புத்தம்புதிதாக மாற்றிவிடுவதுதான் அப்போது என் ஆசை.

எல்லோரும் தட்டையான மானிட்டருக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். கோவிலம்பாக்கத்தில் இருந்த பர்வீன் அக்கா, மகன் வீட்டுக்குக் குடிபோகும்போது, இறந்துபோன கணவரின் கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்தார். கீபோர்டு முழுக்கச் சிவப்பு நெயில் பாலிஷால் கோணல்மாணலாகத் தமிழ் எழுத்துகள். சேலையூரில் என் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்க அவற்றைச் சுரண்டி எடுத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து போன் செய்தார். "அந்தக் கம்ப்யூட்டர ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டுமா தம்பி?"

வந்தவர் கீபோர்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"எழுத்தெல்லாம் எங்க தம்பி?"

"க்ளீன் பண்றப்போ அழிச்சிட்டேன்க்கா."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு அவர் உக்காந்து எழுதினது. பாலிஷ் என்னோடது."

"அதே மாதிரி எழுதித் தர்றேன்க்கா."

"வேணாம்பா. அது உன் கையெழுத்தாத்தானே இருக்கும்?"

கோபமே இல்லாமல் சொன்னார். 'ப' இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

இப்போதெல்லாம் எந்தக் கறையையும், யார் வைத்தது என்று கேட்காமல் துடைப்பதில்லை. அந்தச் சிவப்பு எழுத்துகளை மறுபடி ஒருமுறை பார்க்க மாட்டோமா என்று ஏங்குகிறேன். நான் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.