ஊதாப் புடவையில் ஒரு வெளிறல்

ஐம்பதுகளில் பெங்களூரில் நர்ஸாக இருந்தேன். அறைத்தோழி சரோஜாவுக்குச் சலவையிலிருந்து வந்திருந்த ஊதாப் புடவையை, அவளைக் கேட்காமலே ஆஸ்டின் டவுனில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனேன். முந்தானையில் காபி கொட்டிவிட்டது.

வார்டில் வெள்ளைத் துணியின் இரத்தக்கறைக்குப் பெராக்சைடு போடுவோம். நுரைத்து வெளிப்படும் ஆக்சிஜன் கறையின் நிறத்தைச் சிதைத்துவிடும். அதையே ஊற்றி ஊறவைத்தேன். கறை போனது, கூடவே சாயமும் போனது. கறையின் நிறம், புடவையின் நிறம் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. பயந்துபோய், புடவையை மடித்து, சலவையாகி வந்த அவள் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டேன்.

தன்னைப் பெண் பார்க்க வரும் நாளில் சரோஜா அதைப் பிரித்தாள்.

"ஐயோ, டோபி பாழாக்கிட்டாரே! இது அவர் வேலைதானே? நீயே சொல்லுடி."

"ஆமா" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்று டோபி முனியப்பா கெஞ்சியும், ஹாஸ்டல் வார்டன் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவர் தலைகுனிந்து கேட்டைத் தாண்டுவதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அதற்குமேல் தாங்கவில்லை. மறுநாள் சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை வார்டனிடம் சொல்லவைத்து, ஜீவனஹள்ளியில் முனியப்பா வீட்டுக்கும் கூட்டிப்போனாள்.

நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சரோஜாவிடம், "நேத்து வேற புடவை கெடச்சுதாம்மா? வந்தவங்க நல்லபடியா பேசுனாங்களா?" என்று கேட்டார்.

அவர் மறுபடி வேலைக்கு வந்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிழைப்புப் போன நாளிலும் அவர் அவளுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். கூடவே இருந்த எனக்கு என் பெயர் கெடக்கூடாது என்பது மட்டும்தான் கவலை.