தள்ளி வைத்தவள்

பல்செட் செய்கிறவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். பெட்டிக்குள் நாலு சட்டை, சவரச் சாமான், பாதியில் நிற்கும் இரண்டு பல்செட்டுகள். கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவது வழக்கமாகப் பெண்டாட்டிமார்தான். அந்தத் தெருவில் ஒரு புருஷன் அப்படிக் கிளம்புவதை யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றே பார்த்தார்.

"என்ன சார், வெளியூரா?"

"தள்ளி வச்சிட்டா" என்றார் பல்செட்காரர். பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தார்.

தள்ளி வைத்ததாகச் சொல்லப்பட்டவளுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஓர் அமரர் ஊர்தியின் பானெட்டுக்குள் இடுப்புவரை புகுந்திருந்தாள்.

அவளை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியவள் இல்லை. அவள் செய்வது ஒரே வேலை, எஞ்சினுக்கு டைமிங் வைப்பது. பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே பொறி விழவேண்டும். எவ்வளவு முன்பு என்பதற்குத்தான் டிகிரிக் கணக்கு. ரொம்ப முந்தி விழுந்தால், ஏறி வருகிற பிஸ்டனின் மண்டையில் நெருப்பு ஓங்கி அடிக்கும். உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல் டொக்டொக்கென்று கேட்கும். பிந்தி விழுந்தால் வண்டி சோம்பல் முறிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. அதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளுக்குப் பேர். அதில் அவளுக்குத் தலைக்கனமும் உண்டு.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே இந்தப் பட்டப்பெயர் ஒரு குழப்பம் பண்ணியிருந்தது. "பொண்ணு டிகிரியாமே, எவ்வளவு?" என்று மாமியாராகப் போகிறவள் கேட்க, இவள் தொழில் ஞாபகத்தில், "பத்து. சில வண்டிக்குப் பன்னெண்டு வரைக்கும் போவேன்" என்று சொல்லிவிட்டாள். மருமகள் பன்னிரண்டு டிகிரி முடித்தவள் என்று அந்தப் பக்கத்துச் சொந்தம் முழுக்கப் பரவிவிட்டது. திருத்த யாருக்கும் மனசு வரவில்லை.

அமரர் ஊர்தியின் சொந்தக்காரருக்கு அமைதி என்று பேர். வண்டியின் நெற்றியில் 'அமைதிப் பயணம்' என்று எழுதியிருப்பதால் ஒட்டிக்கொண்ட பேர் அது. மற்றபடி அவர் ரகசியம் பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். ஊர் இடுகாடு மலைமேல். பழைய வண்டி மேட்டில் முக்கி முனகி ஏறுவதைப் பார்த்து, துக்கத்துக்கு வந்தவர்கள் இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. அவமானம் தாங்காமல் அமைதி எங்கேயோ ஒரு டர்போவை வாங்கி எஞ்சினில் மாட்டிவிட்டார்.

டர்போ என்பது எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி அமுக்கி ஊட்டுகிற சமாச்சாரம். அப்படி ஊட்டினால் உள்ளே நெருப்பு வேகமாகப் பரவும். அதனால் பொறி முன்னைவிடக் கொஞ்சம் தாமதமாக விழவேண்டும். அமைதி அதையெல்லாம் யாரிடமும் கேட்கவில்லை. வண்டி மேடேறியது, புலிப் பாய்ச்சலில். கூடவே டொக், டொக், டொக்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சவப்பெட்டியைப் பார்த்தார்கள்.

வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். போனவர் போனபடியே இருந்தார். மூடிவிட்டுக் கிளம்பினால் மறுபடி டொக்டொக். மறுபடி திறந்தார்கள். மருமகன் மயக்கம் போட்டான். போனவரின் மனைவி மட்டும் அசையவில்லை. "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். எறங்குற எடம் வர்றதுக்கு முன்னாடியே கதவத் தட்ட ஆரம்பிச்சிடுவாரு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் வண்டி டிகிரியிடம் வந்தது. பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்குவைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அதை ஒரு மயிரிழை திருப்பி, டைமிங் லைட்டின் வெளிச்சத்தில் எஞ்சின் சக்கரத்தின் குறியைச் சரிபார்த்தாள். பொறியைத் தாமதப்படுத்துவதை அவள் தொழிலில் 'தள்ளி வைப்பது' என்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அமைதி போன் பண்ணினார். பல்செட்காரர் அப்போதுதான் சாப்பிடக் கூப்பிடலாம் என்று கொட்டகை வாசலுக்கு வந்திருந்தார். அவர் காதில் விழுந்தது அவள் பேச்சு மட்டும்:

"தள்ளி வச்சிட்டேண்ணே... பின்ன? எத்தன நாள்தான் பொறுக்கறது? கொஞ்சம் அழுத்தம் குடுத்தாப் போதும், உடனே டொக்டொக்குன்னு ஆரம்பிச்சிடுது... இல்லண்ணே, இனிமே சத்தமே இருக்காது. அப்பாடா, இப்பதான் நிம்மதியா இருக்கு."

பல்செட்காரர் கையிலிருந்த சின்ன மரச்சுத்தியைப் பார்த்தார். பிளாஸ்டர் அச்சிலிருந்து பல்வரிசையைத் தட்டி எடுப்பதுதான் அவர் பிழைப்பு. விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை வீட்டில் அவர் டொக்டொக்தான். சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் பெட்டியை எடுத்தார்.

விவரத்தை எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். சிரித்துக்கொண்டே போன் போட்டாள். எடுத்தது மாமியார்.

"பன்னெண்டு டிகிரி படிச்சு என்னம்மா பிரயோஜனம்? ஒரு புருஷன வச்சுக் காப்பாத்தத் தெரியலியே!"

"அத்தை, நான் தள்ளி வச்சது டைமிங்க!"

"கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துக்கப்புறம் என்னடி டைமிங்கு?"

அதோடு போன் வைக்கப்பட்டது. அவள் சிரிப்பும் அதோடு நின்றது. அடுத்தடுத்த நாட்களில் அவர் போனை எடுக்கவே இல்லை.

டர்போ வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. பாரம் ஏற்றி மேட்டில் மிதித்தால்தான் டர்போ வாயைத் திறக்கும். மாமியார் வீடும் அதே மலைப்பாதையில்தான் இருந்தது. ஆகவே சவப்பெட்டிக்குள் மணல்மூட்டைகளை அடுக்கி, அமைதியைப் பக்கத்தில் உட்காரவைத்து, புருஷனை அழைத்துவர அமரர் ஊர்தியிலேயே புறப்பட்டாள். அதில் ஏதாவது கோளாறு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

வண்டி போய் நின்றதும் தெருவே வாசலுக்கு வந்தது. யாரோ அழவே ஆரம்பித்துவிட்டார்கள். "நல்ல மனுஷி" என்று ஒருவர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"நான் இன்னும் இருக்கேன்டா, கடங்காரா!" என்று உள்ளேயிருந்து மாமியார் வந்தாள்.

அவளுக்குப் பின்னால், முழங்கைவரை வெள்ளைப் பிளாஸ்டரோடு பல்செட்காரர். வண்டியைப் பார்த்ததும் அவர் முகமும் கையும் ஒரே நிறமாகிவிட்டன. ஓட்டுகிற இடத்திலிருந்து மனைவி இறங்கியதும் ரத்தம் திரும்பியது. ரத்தத்தோடு கோபமும் ஞாபகத்துக்கு வந்தது.

"எதுக்கு வந்தே?"

"வண்டியில ஏறுங்க. ஒரு சத்தம் கேக்கணும்."

"அவன் ஏறினா நானும் ஏறுவேன்" என்றாள் மாமியார். முன்னால் இடமில்லை. பின்னால், பெட்டிக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேடு ஆரம்பிக்கிற இடத்தில் டிகிரி இறங்கி, டைமிங்கைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாள். மிதித்தாள். டர்போ விசில் அடித்தது. டொக், டொக், டொக்.

"டேய்! பெட்டிக்குள்ள யாரோ இருக்காங்கடா!"

"மணல் மூட்டை, அத்தை!"

"மணல் மூட்டை எதுக்குடி தட்டுது?"

"வெளிய வரணும்னு தோணியிருக்கும்மா!" என்று அமைதி கத்தினார். மாமியார் பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து, மறுபடி இறங்கி, மறுபடி ஒரு மயிரிழை. இந்தத் தடவை வண்டி மேட்டில் எண்ணெய் வழுக்கினாற்போல் ஏறியது. டர்போவின் மெல்லிய விசிலைத் தவிர ஒரு சத்தமில்லை.

"இதுதாங்க தள்ளி வைக்கிறது" என்றாள். "இதத்தான் அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன்."

"சத்தியமா எங்கிட்டதான் சொன்னா!" என்றார் அமைதி. அடிவாரம்வரை கேட்டிருக்கும்.

மாமியார் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பல்செட்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"சரி, எஞ்சினத்தான் சொன்னே. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். ஆனா அப்பாடான்னு நிம்மதியாச் சொன்னியே, அந்தக் குரல்ல எங்கிட்ட எப்பவாவது பேசியிருக்கியா?"

அவள் வாயைத் திறந்தாள். கேள்வி நியாயமானது என்பது உறைத்தது. சொல்ல ஒன்றுக்கு நாலு பதில் தொண்டைவரை வந்தன. எதை முதலில் விடுவது என்று பார்ப்பதற்குள் அவர் இறங்கி, அம்மாவைக் கைபிடித்து இறக்கி, உள்ளே போய்விட்டார். ஊருக்கெல்லாம் டைமிங் வைக்கிறவளுக்கு அந்த ஒரு இடத்தில் தப்பியது.

அதன் பிறகு அமரர் ஊர்தி சத்தமில்லாமல் மலையேறி இறங்கியது. ஒரு குடும்பம் மட்டும், "தட்டுற வண்டிதான் வேணும், எங்கப்பாவ அவ்வளவு லேசா நம்ப முடியாது" என்று அடம்பிடித்ததாக அமைதி வந்து சொன்னார். டிகிரி சிரிக்கவில்லை. அவள் டைமிங் வைத்து அனுப்பிய வண்டிகள் சரியில்லை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. காதை எஞ்சினில் வைத்தால், எஞ்சின் சத்தத்துக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து வரவேண்டிய இன்னொரு சத்தத்தை அது தேடப் போய்விடுகிறது. அதை யாரிடம் சொல்ல? அலமாரியில் அவர் விட்டுப்போன பிளாஸ்டர் தாடை ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதில் போல்ட்டுகளைப் போட்டுவைத்தாள். இரண்டு நாளில் எடுத்துவிட்டாள். பார்க்க அவர் போல்ட்டை மென்று தின்பதுபோல் இருந்தது. வாரம் ஒருமுறை கூப்பிட்டாள். "வேலை இருக்கு" என்பார். வைத்துவிடுவார்.

மழைக்காலம் வந்து போனது. வெயில் வந்து தகரக் கூரையைக் காய்ச்சியது. மறுபடி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. அனுப்பியவர் பல்செட்காரர். பல்லுக்கு மெருகேற்றுகிற சின்ன மோட்டார் ஒன்று மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தார்: 'சத்தம் சரியில்லை. கேட்டுச் சொல். நேரில் பார்த்தால்தான் தெரியும் என்றாலும் சரி.'

போனைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டாள். மோட்டாரில் பிசிறு இல்லை, உறுமல் இல்லை, புதுசுபோல் ஓடியது. மறுபடி கேட்டாள். சத்தத்தை முழுக்கக் கூட்டிக் கேட்டபோது மோட்டாருக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது:

"நல்லாத்தானடா ஓடுது, அத எதுக்குடா படம் புடிக்கிறே?"