பில்டர் மாட்டியும் வராத சத்தம்

கோவில்பட்டியில் அந்த நாளில் இரண்டே பேர் உட்காரக்கூடிய கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வாங்கிய கிறுக்கன் நான். பிள்ளைகுட்டிக்காரன் வாங்குகிற வண்டியா இது என்று கேட்காத ஆள் ஊரில் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: பிடித்திருந்தது, வாங்கினேன், உமக்கு எங்கே வலிக்கிறது? நான் கொஞ்சம் முன்கோபக்காரன். நூற்பு மில்லில் ஏறக்குறைய இருபது வருஷம் ஸ்பின்னிங் மாஸ்டராகக் குப்பை கொட்டியவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்.

வாங்கியதற்கு உண்மையான காரணம் வேறு. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. படிக்கிற காலத்தில் சிநேகிதர்களோடு சென்னைக்குப் பக்கத்தில் கார் ரேஸ் பார்க்கப் போயிருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. ரேஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால், பானட்டைத் திறந்துவைத்திருந்த ஒரு சின்னக் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். இஞ்சின் உறுமலுக்கு மேலே, மெல்லிசாக, ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் எழும்பியது. இஞ்சின் காற்றை இழுக்கிற சத்தம். சூடான காப்பியை அவசரமாக உறிஞ்சுவார்களே, அதைப் பத்து மடங்கு பெரிசாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்தச் சத்தத்தை என் வீட்டு வாசலில் வைத்துக் கேட்கவேண்டும் என்றுதான், தலை நரைக்க ஆரம்பித்த பிறகு கார் வாங்கினேன்.

வாங்கியது மலையில் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் ஒருவர் வைத்திருந்த பழைய இங்கிலீஷ் வண்டி. துணிக்கூரை, நீளமான மூக்கு. இஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் அதில் இரண்டு. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு தகர டப்பா, அதற்குள் புழுதியை வடிகட்ட ஒரு கம்பி வலை. டப்பா வாயை அடைத்துக்கொண்டிருந்ததால் எனக்கு வேண்டிய சத்தம் வெளியே வரவே இல்லை. டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த மாதிரி பில்டர் போட்டால் வரும் என்று சொன்னவன் கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனன், மனைவியின் தம்பி. அடுத்த லீவில் வரும்போது ஒரு ஜோடி வாங்கிக்கொண்டே வந்துவிட்டான்.

“அத்தான், இதப் போட்டு ஒரு மிதி மிதிச்சீங்கன்னா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்” என்று சொல்லிவிட்டு அவன் கப்பலுக்குத் திரும்பிப் போனான்.

பில்டர் வந்திருக்கிறது என்றதும் என் மனைவி அடுப்படியில் அலமாரித் தட்டு ஒன்றைக் காலி பண்ணி வைத்திருந்தாள். காப்பி பில்டர் என்று நினைத்துக்கொண்டாளாம். பிரித்துக் காட்டியபோது, “ரெண்டு எதுக்கு? ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கா?” என்று கேட்டாள். இரண்டு கூம்புகள். சன்னக் கம்பி வலைக்கு நடுவே மடிப்பு மடிப்பாகப் பருத்தித் துணி, அடியில் ரப்பர்க் கழுத்து, இறுக்குவதற்கு ஒரு கிளிப். எனக்கே சிரிப்பு வந்தது. புதூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி போடுகிற குடும்பம் எங்களுடையது. நானோ நூல் நூற்றுச் சம்பளம் வாங்குகிறவன். எனக்குப் போய்ப் பருத்தித் துணி கப்பலேறி வந்திருக்கிறது.

வண்டியை எங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவருக்கு டிராக்டரும் லாரியும்தான் தொழில். வாய் கொஞ்சம் நீளம். தனக்குத் தெரியாததையும் தெரிந்த மாதிரிப் பேசுவார். கூம்பைக் கையில் வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஓட்ட ஓட்டையா வெளிச்சம் தெரியுது. நம்மூர்க் கரிசல் புழுதி இதுல நிக்கும்னு எவன் சொன்னான்? இதப் போட்டுக்கிட்டுப் புதூர் ரோட்டுல போனீங்கன்னா இஞ்சின் மண்ணத் தின்னே செத்துரும்.”

“துணியில எண்ணெய் தடவணும்வே. புழுதி அதுல ஒட்டிக்கிடும். கூடவே பாட்டில் குடுத்திருக்கான், பாரும்.”

“எவ்வளவு தடவணும்?”

கூட வந்த தாளில் ‘அளவாக’ என்று போட்டிருந்தது. எது அளவு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பலகாரத்துக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினார். ரப்பர்க் கழுத்து கார்புரேட்டர் வாயைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தது. பழைய லாரி டியூபில் ஒரு பட்டை வெட்டி உள்ளே சுற்றி, கிளிப்பைப் போட்டு முறுக்கினார். டப்பா இரண்டையும் தூக்கி மூலையில் போட்டார். ஸ்டார்ட் பண்ணி, ஆக்ஸிலேட்டரை நானே மிதித்தேன்.

இஞ்சின் உறுமியது. அவ்வளவுதான். நேற்றைக்கு எப்படி உறுமியதோ அதே உறுமல்.

மெக்கானிக் முகமெல்லாம் பல்லாக நின்றார். “எப்படி அண்ணாச்சி?”

“எங்கவே சத்தம்?”

“என்ன அண்ணாச்சி, இதுக்கு மேல என்ன சத்தம் வேணும்? காதக் கிழிக்குதுல்லா.”

என்னை நக்கல் பண்ணுகிறார் என்றே நினைத்தேன். ஆரம்பத்திலிருந்தே அவருக்கு இந்த பில்டரைப் பிடிக்கவில்லை. கடனே என்று மாட்டிவிட்டு, வராத சத்தத்தை வருகிறது என்கிறார். எண்ணெய் அதிகம், துணி அடைத்துக்கொண்டிருக்கிறது, கழற்றும் என்றேன். கழற்றினார். கழுவி வெயிலில் காயவைத்து, இந்தத் தடவை நானே பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடச் சொன்னேன். மாட்டினோம். மிதித்தேன். ஒன்றும் இல்லை. டியூப் பட்டை வழியாகக் காற்று கசிகிறது, அதனால்தான் சத்தம் எழும்பவில்லை என்று அடுத்த வாரம் கண்டுபிடித்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கனமான ரப்பரில் அளவாக இரண்டு வளையம் வெட்டிப் போட்டார். அப்போதும் அதே உறுமல்தான்.

பானட்டுக்குள் தலையை விட்டபடியே அவர் ஏதோ சொன்னார். “மூஞ்சியக் காட்டிப் பேசும்வே” என்று கத்தினேன். மில்லில் எங்களுக்கு அது பழக்கம். மிஷின் ஓடுகிற கூடத்துக்குள் எவன் பேச்சும் எவனுக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம், மிச்சத்துக்குக் கை இருக்கிறது. வீட்டிலும் எனக்கு அதே பழக்கம்தான். மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினால், என்ன முணுமுணுப்பு என்று சத்தம் போடுவேன்.

சரி, ரோட்டில் வேகமாகப் போனால் வருமோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு கடம்பூருக்கு விட்டேன். போளி வாங்கிவரலாம் என்று சொல்லித்தான் கிளப்பினேன். பாதி வழியில் நன்றாக அழுத்தி மிதித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பாம்பு சீறுத மாதிரில்லா இருக்கு. மெதுவாப் போங்க” என்றாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெக்கானிக் சொல்லிக்கொடுத்துவிட்டாரா? இவளுக்கும் அவருக்கும் என்ன பேச்சு? கடம்பூரில் போளிக்கடை முன்னால் நிறுத்தி, அணைப்பதற்கு முன் ஒரு மிதி மிதித்தேன். கடைக்காரர் தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, டயர்ல காத்து எறங்குத மாதிரி இருக்கே.”

இறங்கி நாலு டயரையும் உதைத்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தன. கடைக்காரருக்கு நான் யார் என்றே தெரியாது. இவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் போளிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

வீடு வந்து சேருவதற்குள் இன்னொரு யோசனை வந்தது. ஒருவேளை அந்த ரேஸ் மைதானத்தில் நான் கேட்டதே பொய்யோ? சின்ன வயசில் கேட்டதை மனசு ஊதிப் பெரிசாக்கி வைத்திருக்கிறதோ? இவர்களுக்கெல்லாம் கேட்கிறது என்கிறார்களே, அது வேறு ஏதோ சாதாரணச் சத்தம், நான் தேடுவது உலகத்திலேயே இல்லாத ஒன்று. இல்லாத சத்தத்துக்காகவா ஒரு காரை வாங்கி இந்தப் பாடு படுகிறேன்? அப்படியானால் ‘பாம்பு சீறுத மாதிரி’ என்று அவள் எப்படிச் சொன்னாள்? நான் தேடியதும் அதே சீறல்தானே. யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் மனைவிதான் வாயைத் திறந்தாள். என் எதிரே வந்து நின்று, நிதானமாகச் சொன்னாள்.

“நான் சொன்னா கோவப்படக் கூடாது. சத்தம் வருது. உங்களுக்குத்தான் கேக்கலியோன்னு எனக்குத் தோணுது.”

“ஏட்டி, யார்கிட்டப் பேசுத? கூடத்துக்குள்ள நுழைஞ்சாப் போதும், எந்த மிஷின்ல பேரிங் தேயுதுன்னு காத வச்சே சொல்லுதவன் நான்.”

“அது நெசந்தான். கடைசியா எப்பச் சொன்னீங்க?”

மறுநாள் மில்லில், மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் என்னிடம் வந்து, வாசல் பக்கத்து மிஷின் கிறீச்சிடுகிறது என்று கையைக் காட்டினார். போய்ப் பக்கத்தில் நின்றேன். குனிந்து காதைக் கொடுத்தேன். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல், வேறெதுவும் அதில் இல்லை. தலையை ஆட்டி, சரி, பாருங்கள் என்று சைகை காட்டிவிட்டு வந்துவிட்டேன். அப்போதும் முழுசாக நம்பவில்லை. பயந்துபோய் மூன்றாவது தடவையாக மெக்கானிக்கை ஏசினேன். பில்டரையே மாற்றி எதையோ மாட்டியிருக்கிறீர் என்றேன்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மதினியக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்திருவோம்.”

கூட்டிக்கொண்டு போனேன். வழி சொன்னது என் மனைவிதான். பில்டர் மேலே சாக்கை மடித்துப் போட்டால் அந்தச் சத்தம் மட்டும் அமுங்கும், இஞ்சின் அணையாது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். எப்போது சாக்கைப் போடவேண்டும், எப்போது எடுக்கவேண்டும் என்று நான் கைச்சைகையால் மெக்கானிக்குக்குக் காட்டவேண்டும். சத்தம் இருக்கிறதா இல்லையா என்று அவள் சொல்லவேண்டும்.

மெக்கானிக் பில்டரைச் சாக்கால் மூடிவிட்டு, கார்புரேட்டர்க் கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்து இஞ்சினை ஒரே வேகத்தில் ஓடவிட்டார். நான் விரலைக் காட்டினேன். சாக்கை எடுத்தார்.

“இருக்கு” என்றாள், கையைத் தூக்கி.

போடச் சொன்னேன். “இல்ல” என்று கையை இறக்கினாள். ஏமாற்றலாம் என்று, போட்டதை எடுக்கவிடாமல் நிறுத்தி வைத்தேன். கை இறங்கியே இருந்தது. சடாரென்று எடுக்கச் சொன்னேன். சாக்கு விலகிய அதே நேரத்தில் அவள் கை மேலே போனது. திரும்பத் திரும்பச் செய்தேன். ஒரு தடவைகூட அவளுக்குத் தப்பவில்லை. முதுகில் கண் இருந்தாலொழிய அது முடியாது. எனக்கோ சாக்கு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. கூம்பை ஒட்டிக் குனிந்தேன். காற்று உள்ளே இழுபடுவது கன்னத்தில் ஜில்லென்று பட்டது. சத்தம் மட்டும் எனக்கு இல்லை.

நான் தேடிய சத்தம் அங்கேதான் இருந்தது. மைத்துனன் சொன்ன மாதிரியே தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கடம்பூர்க் கடைக்காரருக்குக் கேட்டது. எனக்குத் துக்கமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

“இப்ப நான் திரும்பி நிக்கேன்” என்றேன்.

“வேண்டாம், விடுங்க” என்றாள் மனைவி.

கேட்கவில்லை. சுவரைப் பார்த்து நின்றேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன். இஞ்சினின் தடதடப்பு காலுக்கடியில் தெரிந்தது. வேறெதுவும் வரவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டேன், அவர்கள் காத்துக்கொண்டிருப்பார்களே என்று இருந்தது. ஏதோ லேசாக மாறின மாதிரி தோன்றவும், கையைத் தூக்கினேன்.

“இப்பக் கேக்குது” என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

சாக்கு இரண்டு பில்டரையும் மூடிக் கிடந்தது. மெக்கானிக் அதன் மேல் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாக அதை உருவி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“சரியாச் சொல்லிட்டீங்க அண்ணாச்சி” என்றார்.

அத்தனை நாளில் அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.