எட்டுக் காலடிச் சுவர்

தம்பி கூப்பிட்டபோது நான் தொழிற்சாலை ஸ்டோரில் போல்ட் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணும் நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று முறை விடாமல் அடித்தான். மூன்றாவது முறை, யாருக்கு என்னவோ என்று எடுத்தேன்.

"அக்கா, ஆஸ்பத்திரி!"

"யாருக்குடா? என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நம்ம ஆஸ்பத்திரி! அந்தத் தீவு ஆஸ்பத்திரி! புதுசா செஞ்சு விட்டுட்டாங்க, நானும் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை வரேன். அந்த நோட்ட எடுத்து வை."

நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் போல்ட் பெட்டிகளுக்கு நடுவில் நின்று குதிக்கக் கூடாது. நான் குதித்தேன். எண்ணிக்கை விட்டுப்போய், முதலிலிருந்து எண்ணினேன்.

எங்கள் ஆஸ்பத்திரி ஒரு வீடியோ கேம். எனக்குப் பதினெட்டு, தம்பிக்குப் பதினான்கு வயதில், சாஆ என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆடியது. ஆளில்லாத தீவில் ஒரு பழைய மருத்துவமனை. கட்டிலிலிருந்து எழுந்து காலை இழுத்து இழுத்து வரும் நோயாளிகள். அவர்களுக்கு நடுவே வழி தேடும் ஒரு டாக்டர். அவர் கையில் ஒரு டார்ச் லைட், ஆறே ஆறு தோட்டா. எல்லாரையும் சுட்டு ஜெயிக்கிற ஆட்டம் அல்ல அது. இருப்பதைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்து, பயந்து பயந்து, உயிரோடு வெளியே வர வேண்டும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய ஜப்பானிய கேம் தட்டு என்பதால் திரையில் வருவதெல்லாம் ஜப்பானிய எழுத்து. எங்களுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. எங்களிடம் மெமரி கார்டு இல்லை. கேம் பெட்டியை அணைத்தால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நாங்கள் அணைக்கவே இல்லை. ஆட்டத்தை நிறுத்திவைத்து, டிவியை மட்டும் அணைத்து, பெட்டி சூடாகாமல் இருக்க மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். திரும்பி வரும்போது அது விசிறிக் காற்றில் எங்களுக்காகக் காத்திருக்கும். பதினோரு நாள் அப்படி ஓடியது.

கன்ட்ரோலர் தம்பியின் கையில், கட்டம் போட்ட நோட்டு என் மடியில். டாக்டர் நடக்கும்போது காலடிச் சத்தம் கேட்கும். அதை எண்ணி, ஒரு காலடிக்கு ஒரு கட்டம் என்று வரைபடம் போட்டேன். முதல் முறை நடக்கும்போது பென்சில். இரண்டாம் முறை நடந்து எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் மை. இன்று ஸ்டோரிலும் என் வழக்கம் அதுவே.

எங்கள் இருவருக்கும் சண்டை ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் வந்தது. பெண்கள் வார்டுக்கும் மருந்து அறைக்கும் நடுவில் இன்னொரு அறை இருக்கிறது என்றான் தம்பி. சுவரோரமாகப் போகும்போது உள்ளே யாரோ இருமுகிறார்களாம். இருமல் எனக்கும் கேட்டது. ஆனால் கதவு இல்லாத அறையை எப்படி வரைவது?

"நீ வரையலேன்னா அது இல்லாமப் போயிருமா?"

"கண்ணால பாத்தா வரைவேன்."

படகுத்துறைக்குப் போகும் கடைசி இரும்புக் கதவுக்குச் சாவி கிடைக்கவே இல்லை. பதினோராம் நாள் சாயங்காலம் ஓர் இடி விழுந்து ஊர் முழுக்கக் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது டிவியில் முதல் படம் நின்றது. தம்பி கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். "உன் மேப்தான் தப்பு" என்றான். "உன் கைதான் தப்பு" என்றேன்.

அதை அவன் அன்றோடு விடவில்லை. பெரியம்மா மகள் கல்யாணப் பந்தியில் சொன்னான். யாராவது காரில் வழி தவறினால், "அக்கா வரைஞ்ச மேப்பா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். உலு திராமில் என் தொழிற்சாலையில் நான் எழுதிய இருப்புச் சீட்டை யாரும் மறுபடி எண்ணுவதில்லை. "அக்கா எழுதினா சரி" என்பார்கள். நான் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான். அந்த நோட்டைப் பற்றி மட்டும் ஒருவன் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தான், அவன் சொல்வது தப்பு என்று காட்ட வழியில்லாமல் இருந்தது. இப்போது வழி வந்துவிட்டது.

சனிக்கிழமை போனில் நிபந்தனை பேசினோம்.

"அறை இருந்தா, தீபாவளிக்கு எல்லாரும் வந்திருக்கும்போது நீ எழுந்து நின்னு, 'என் மேப் தப்பு'ன்னு சொல்லணும்."

"இல்லேன்னா?"

"இந்தப் பேச்சையே ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டேன்."

"ஒரு விஷயம். புதுசுல அறை இருந்தா மட்டும் பத்தாது. இப்ப செஞ்சவங்க சேத்திருக்கலாம். பழசுலயே இருந்துச்சுன்னு ஆதாரம் வேணும்."

"அலமாக்! அந்தப் பழைய பெட்டிக்கு நான் இப்ப எங்க போறது?"

"அது உன் பாடு."

இதை எழுதிவைத்து, அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

தம்பி சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறான். வாரத்தில் ஒரே நாள் விடுமுறை. ஞாயிறு காலை பத்து ஐந்துக்கு முதுகில் பையும் கையில் ரொட்டி சானாய் பொட்டலமுமாக வந்து நின்றான். அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார். மகனைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பேச்சை ஆரம்பித்தார். "அப்புறம்மா, அப்புறம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். திரைச்சீலையை இழுத்து மூடினேன். தம்பி பெட்டியை டிவியில் மாட்டினான். மாட்டி முடித்ததும் எழுந்துபோய் மேசை விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பினான். பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கே உறைத்தது.

"இப்ப தானா சேவ் ஆகுதுக்கா."

"இருக்கட்டும். ஓடட்டும்."

ஆட்டம் தொடங்கியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பழையதில் நாங்கள் எல்லாவற்றையும் கூரை மூலையில் இருந்து பார்ப்போம், டாக்டர் கட்டைவிரல் அளவுதான் இருப்பார். இப்போது அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறோம். மூச்சு கேட்கிறது. டார்ச் வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது. அன்று ஐந்தாறு பழுப்புக் கட்டங்களாக இருந்த கறை, இன்று சுவரில் வழிந்து காய்ந்த தண்ணீர்த் தடம். எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில், படிக்க முடிகிறது! மேசைமேல் கிடந்த ஒவ்வொரு கடிதத்தையும் தம்பியை நிறுத்தச் சொல்லி வாசித்தேன்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வரைபடம் தானாக வளர்ந்துகொண்டே வந்தது.

"பாத்தியா, மேப் இப்ப அதுவே போட்டுக்குது. உனக்கு வேலை போச்சு லா."

"அதை அடை."

"அக்கா..."

"அடைன்னா அடை."

அடைத்தான். நான் பழைய நோட்டைத் திறந்தேன். முன்கூடம், இருபத்திரண்டு காலடி என்று நோட்டு சொன்னது. எண்ணினேன். இருபத்திரண்டு! செய்தவர்கள் வண்ணம் மாற்றியிருக்கிறார்கள், வெளிச்சம் மாற்றியிருக்கிறார்கள், கட்டடத்தை மாற்றவில்லை. "வலது பக்கம் ரெண்டாவது கதவு பூட்டியிருக்கும்" என்றேன், பூட்டியிருந்தது. "படிக்குக் கீழ தோட்டா" என்றேன், இருந்தது. ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்த எனக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது. சமையலறைத் தாழ்வாரத்தில் மட்டும் நோட்டில் இல்லாத சன்னலை உடைத்துக்கொண்டு ஒருவன் பாய்ந்தான். நான் பென்சிலை டிவிமேல் எறிந்துவிட்டேன்.

"அங்க சன்னல் கிடையாதுடா!"

"அவன் உன் நோட்டப் படிச்சிட்டு வரலக்கா!"

ஒரு மணிவாக்கில் மேல்மாடிக்கு ஏறினோம். சுவரோரமாகப் போனதும் இருமல் கேட்டது, இந்த முறை நம் அறைக்குள்ளேயே யாரோ இருமுவதுபோல. தம்பி திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"புதுசா சேத்திருக்கலாம்" என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்டு, என் பக்கத்துக்கு ஆதாரம் எடுக்க மேல்மாடிப் பக்கத்தைப் புரட்டினேன். அத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தை நான் திறந்ததில்லை. வராந்தா முப்பத்தொன்று. பெண்கள் வார்டு பதின்மூன்று. மருந்து அறை பத்து. எல்லாம் நீல மையில், என் கையெழுத்தில். இரண்டு அறைக்கும் நடுவில் எட்டுக் கட்டத்தை நெருக்கமாகச் சாய்கோடு போட்டு நிரப்பியிருந்தேன். அதன்மேல் ஒரு சொல்: சுவர்.

எட்டுக் காலடி கனத்தில் ஒரு சுவர். எண்ணியது நான். சரிபார்த்து மை போட்டதும் நான்.

தம்பி ஒரு நோயாளியைச் சுற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் அவன் கண் இல்லை. பக்கத்தைப் புரட்டினால் போதும். பழைய பெட்டி இல்லை, வேறு ஆதாரம் இல்லை, நிபந்தனைப்படி நான்தான் ஜெயித்தவள். விரல் பக்கத்தின் மூலையில்தான் இருந்தது. ஆனால் எண்ணிக்கை என் கண் முன்னால் கிடந்தது. அதைப் பார்க்காததுபோல் மூடிவைத்தால், அப்புறம் நான் எந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுவது?

"தம்பி, நிறுத்து. இத பாரு."

நோட்டை வாங்கிப் பார்த்தான். முதலில் புரியவில்லை. பிறகு விரலால் கட்டங்களை எண்ணினான். கன்ட்ரோலர் மடியிலிருந்து விழுந்தது.

"எட்டு அடியா? எந்தக் கொத்தனாரு அக்கா இந்தச் சுவர வச்சான்? கோட்டையா அது?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே போக வழி? வார்டின் கோடியில், அந்தச் சுவரில்தான், ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது. படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. பக்கத்தில் போனதும் திரையில் கேள்வி வந்தது: விளக்கை அணைக்கவா?

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பழையதிலும் அந்த இடத்தில் இரண்டு வரி வரும். ஒரு முறை தம்பி மேல்வரியை அழுத்த, டாக்டர் குனிந்து விளக்கின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனார். "சாமி விளக்க ஊதப் போறான்டா!" என்று நான் கத்தினேன். அவன் பதறி விலக்கினான். எங்கள் வீட்டில் விளக்கை ஊதி அணைப்பதில்லை, பூவால்தான் அமர்த்துவோம். நோட்டில் அந்த இடத்தில் சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன்: விளக்கைத் தொடாதே. பதினோரு நாளும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போனோம்.

"அணைக்கட்டுமாக்கா?"

நோட்டின் சிவப்பு அடிக்கோட்டைப் பார்த்தேன்.

"பூ கீ இருக்கான்னு பாரேன்" என்றேன். அவனும் நிஜமாகவே டார்ச் அடித்துத் தேடினான்.

சத்தம் ஓய்ந்ததைப் பார்த்து அம்மா சமையலறையிலிருந்து வந்தார், கையில் சோற்றுக் கரண்டி. விஷயத்தைச் சொன்னோம். திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது யாரு படம்?"

"தெரியலம்மா."

"டிவிக்குள்ள எரியிற விளக்க அணைக்கக் கூடாதுன்னு நான் எப்படா சொன்னேன்? ஊதித் தொலைங்க. சோறு ஆறுது."

தம்பி அழுத்தினான். டாக்டர் ஊதினார். திரை முழுக்க இருட்டு. இருமல் நின்றது. அப்போது சுவரில், படத்தைச் சுற்றி, கதவு அளவுக்கு ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. விளக்கு எரிந்த வரை கண்ணில் படாத இடுக்கு! நாங்கள் போட்ட கூச்சலில் அம்மா, "ஐயோ, பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க" என்றார்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஆணியில் ஒரு சாவி.

"எண்ணு" என்றான் தம்பி. டாக்டரைச் சுவரிலிருந்து சுவருக்கு நடக்க விட்டான். எட்டு.

பேனாவை எடுத்து என் கையில் வைத்தான். "மையிலயே போடு."

"ரெண்டு தடவ நடந்தாத்தான் மை."

முணுமுணுக்கவில்லை அவன். டாக்டரைத் திருப்பி, மெதுவாக, மறுபடி நடந்தான். எட்டு. சாய்கோடுகளின்மேல் கதவை வரைந்தேன், கட்டிலை வரைந்தேன், 'சுவர்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, ஸ்டோரில் செய்வதுபோல் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

பிறகு எழுந்து நின்றேன். தீபாவளிக்கு இன்னும் பல மாதம் இருந்தது.

"என் மேப் தப்பு" என்றேன்.

"எந்த மேப்பு?" என்றார் அம்மா.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். "எண்ணினது சரிதானேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினான்.

சோறு ஆறிப்போனது. சாவியோடு கீழே இறங்கி, தாழ்வாரம் கடந்து, அந்த இரும்புக் கதவின் முன்னால் போய் நின்றோம். சாவி திரும்பியது. கதவுக்கு அந்தப் பக்கம் மழை, இருட்டு, ஒரு பலகைப் பாலம். அதற்குமேல் என் நோட்டில் ஒன்றுமில்லை.

"இடம் இருக்கா?" என்றான் தம்பி.

கடைசியில் ஆறு பக்கம் காலியாக இருந்தன. பென்சிலைச் சீவினேன்.

"இருக்கு. மெதுவா நட. எண்ணணும்."