வாசலில் செருப்பு, மேசையில் டிஷ்யூ

சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்கள் மொத்தம் மூன்று பேர். முதல் மாதமே ஒருவன் பொருளியலுக்கு ஓடிவிட்டான். மிஞ்சியது நானும் என் சிநேகிதியும். இன்னொருவர் போனால் வகுப்பையே மூடிவிடுவார்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். எனக்கு அந்த வகுப்பு உயிர். அவளுக்கோ வாரம் இருமுறை வரும் தலைவலி.

நான் அப்போது யாராலும் சகிக்க முடியாத பெண். கருப்பொருள், குறியீடு என்ற இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டதிலிருந்து எதையும் சும்மா இருக்க விடவில்லை. கதையில் விளக்கு அணைந்தால் மரணம், ஜன்னல் திறந்தால் விடுதலை. புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பழுதானபோதுகூட, "இது நவீன மனிதனோட தேக்கம்மா" என்று சொன்னேன். அரிசிப் பையோடு ஏழாவது மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்த அம்மா பையை என் கையில் திணித்தார்.

அவள் நேர் எதிர். "மழைன்னா மழைதான் லா. நனையும். அவ்வளவுதான்" என்பாள்.

பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம், "இதுலயும் ஃபெயில்னா நான் மாறிடுவேன். வாப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். அவளை எப்படியாவது தேர்ச்சி பெற வைக்க முடிவு செய்தேன். அவள்மேல் அக்கறை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் என் வகுப்பு போய்விடுமே என்ற பயம். பிரியாணி வாங்கித் தருவதாக ஆசை காட்டி, சனிக்கிழமை பாடப் புத்தகத்தோடு அவளைத் தேக்கா உணவங்காடிக்கு இழுத்துப் போனேன்.

தேர்வுக்கு இருந்த கதையில், கணவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். மனைவி அவன் செருப்பைத் தினமும் துடைத்து, வாசலிலேயே வைக்கிறாள். செருப்பு எதைக் குறிக்கிறது என்று கேட்டேன்.

"தூசியா இருக்கு, துடைக்கிறாங்க."

சாப்பாட்டுக் கடைகளில் நல்ல கூட்டம். ஒரே ஒரு மேசை காலியாக இருந்தது. விளக்கம் சொல்லும் மும்முரத்தில், அதன்மேல் கிடந்த டிஷ்யூ பாக்கெட்டைத் தள்ளிவிட்டு உட்காரப் போனேன். அவள் என் பையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், என்ன பண்றே? அங்க ஆள் இருக்கு!"

"எங்க இருக்கு?"

"டிஷ்யூ வெச்சிருக்காங்கல்ல? சாப்பாடு வாங்கப் போயிருப்பாங்க, வருவாங்க."

"வெறும் டிஷ்யூதானே?"

"டிஷ்யூவா முக்கியம்? அவங்க இடம்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

நான் புத்தகத்தை விரித்து, செருப்பு வரும் பக்கத்தைக் காட்டினேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். "அட" என்றாள். அதற்குள் மேசைக்காரர் இரண்டு தட்டுத் தோசையோடு வந்து எங்களை முறைத்தார். இடமும் கிடைக்கவில்லை, பிரியாணியும் இல்லை.

தேர்வில் செருப்பைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதினேன். வாழ்க்கைப் பயணம், ஆணாதிக்கம், உடலின் நிலையாமை என்று ஒன்றையும் விடவில்லை. அவள் எழுதியது நாலு வரி. ஆசிரியை அதை உரக்கப் படித்தார். "இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது, வந்துவிடுவார் என்று அவள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். வரமாட்டார் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்தச் செருப்பை வேறு யாரும் நகர்த்தக் கூடாது." அவளுக்கு என்னைவிட ஆறு மதிப்பெண் அதிகம்.

வகுப்பு பிழைத்துவிட்டது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ அப்பட்டமான பொறாமை.

"டீச்சர், அது நான் தேக்காவுல சொல்லிக் கொடுத்தது" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வகுப்புக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்கு, படித்துவிட்டாள் என்று காட்டும் நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொன்னவள், அந்த நீலக் குறியின் அர்த்தம் மட்டும் புரியாததுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

"இருக்காளா போறாளான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்" என்றார் ஆசிரியை. வகுப்பை மூடினால் மூடட்டும் என்றுகூட அப்போது தோன்றியது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு ஒரு நல்ல சிநேகிதியை இழந்துவிட்டேன் என்று அழுகையாக வந்தது.

வெள்ளிக்கிழமை பாடம் தொடங்குவதற்கு முன், பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அவள் மேசைமேல் வைத்தேன். படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. நான் விளக்கம் எழுதாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

ஆசிரியை வந்து, கை நிறைய இருந்த தாள்களை அந்த மேசைமேல் வைக்கப் போனார்.

"டீச்சர், அங்க ஆள் இருக்கு" என்றேன்.

அவர் டிஷ்யூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாள்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

பாடம் பாதி நடந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. வெளியே கொட்டுகிற மழை. தொப்பலாக நனைந்து வந்தவள் பையைக் கீழே போட்டாள், பாக்கெட்டைப் பிரித்தாள், நாலைந்து டிஷ்யூவை உருவி முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அப்புறம் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"சாரி" என்றேன் மெதுவாக.

"அதைத்தான் டிஷ்யூ சொல்லிடுச்சே" என்றாள். "பிரியாணி எங்க?"