குளிர் அறையின் மேல் போட்ட பழி

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியின் அந்த அறையில் டாக்டரம்மா இருந்தார், அம்மா இருந்தார், நான் இருந்தேன். அப்பா இல்லை; குருபரப்பள்ளியில் லோடு ஏற்ற வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வருடமாக அம்மாவுக்குச் சத்து ஊசி போட்டே அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் தெரு டாக்டரும் அங்கே இல்லை. அவர் இருந்திருக்க வேண்டும். இன்றும் எனக்கு ஆறவில்லை.

பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் அம்மா ஒன்பது வருடம் வேலை செய்தார். குளிர் அறையில் நின்று, தண்டின் நீளம் பார்த்துப் பூக்களைப் பிரித்துக் கட்டுவார். அவர் கட்டிய கட்டை யாரும் அவிழ்த்துச் சரிபார்க்க மாட்டார்கள். அதில் அவருக்குப் பெருமை. அப்புறம் குரல் கரகரத்தது. முகம் உப்பியது, முடி கொட்டியது. நின்ற இடத்திலேயே தூக்கம் வந்தது. சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

"கோல்டு ரூம்ல வேலை செஞ்சா குளிராம, பின்ன வேர்க்குமா?" என்றார் அப்பா.

தெரு டாக்டரும் அதையேதான் சொன்னார். "அந்த வேலைய விட்டுருங்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும்." கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எந்த மனுவானாலும் நான்தான் எழுத வேண்டும். வேலையை விடும் கடிதத்தையும் நானே எழுதினேன், இங்கிலீஷில். குளிர் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆகவே விலகுகிறேன் என்று.

"நல்லா எழுதிக்கிறியாடா?" என்று கேட்டுவிட்டு அம்மா கையெழுத்துப் போட்டார்.

"சூப்பரா இருக்கும்மா."

வேலை போனது, குளிர் போகவில்லை. நாலு மாதம் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் கிருஷ்ணகிரிக்கு, இந்த டாக்டரம்மாவிடம், கூட்டிப் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்.

"உடம்பக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியத் தாக்குதும்மா. அதனால அது சரியா வேலை செய்யல. குளிரு, தூக்கம், வீக்கம் எல்லாம் அதான்."

"அப்ப ரூம்பு மேல தப்பில்லீங்களா?"

"ரூமு பாவம், அது என்னம்மா பண்ணும்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. உடம்பு தேறிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது. ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்து அளவை மாற்ற வேண்டும்.

"ஒரு மணி நேரம் டீ இல்லாமயா? அதுக்கு இந்த நோவே தேவலாம் போலிருக்குதே!" என்றார் அம்மா. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

நான் ஓசூரில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஒரு போல்ட்டைக்கூட அளந்து பார்க்காமல் கழித்துவிட முடியாது, மேலதிகாரி கிழித்துவிடுவார். ஒரு பெண் குளிருகிறது என்று சொன்னால் மட்டும் எந்த அளவும் வேண்டியதில்லை. பார்த்த பார்வையிலேயே முடிவு. படித்த நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன்.

மூன்று மாதத்தில் குரல் திரும்பியது. பழைய வேலையைக் கேட்கப் பண்ணைக்குப் போனோம். ஆபீஸ்காரர் ஃபைலிலிருந்து என் கடிதத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

"குளிர் ஒத்துக்கலன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

டாக்டரின் சான்றிதழை நீட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வேணும்னா பூ வெட்டற வேலைக்கு, புது ஆளாச் சேத்துக்கறோம்."

அம்மா குளிர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிங்க சார்" என்றார்.

தைராய்டைக் கண்டுபிடித்த முதல் பரிசோதனைக்கு முந்நூறு ரூபாய். அதை அந்தத் தெரு டாக்டர் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பதினாலாயிரம் வாங்கிய அம்மா இப்போது ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்குப் பூ வெட்டுகிறார். சூப்பராக இருக்கிறது என்று நான் சொன்ன கடிதத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலை, மாதம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.